ஒப்பாரிக்கு எதற்குப் பின்னணி இசை?

அன்பு மாணவச் செல்வங்களே, சொந்தபந்தங்களே,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். எங்கள் சித்தி கேதத்து வீடியோவை ஃபோனில் அனுப்பியிருந்தார்கள். திருச்சுழிப் பக்கத்துப் பெண்கள் மாரடித்து அழுகிறார்கள். வாய் அசைகிறது, குரல் இல்லை. ஒப்பாரியை எடுத்துவிட்டுச் சினிமாச் சோக இசையை ஒட்டிவிட்டார்கள்!

படத்தில் இரண்டு வகை இசை உண்டு. ஒன்று, பார்க்கிற நமக்கு மட்டும் கேட்பது. மற்றது, கதைக்குள் இருப்பவர்களுக்கும் கேட்பது. பின்னணி என்று நினைத்த பாட்டு, கேமரா திரும்பியதும் டீக்கடை ரேடியோவில் ஓடுவது தெரிந்தால் ஒரு சிலிர்ப்பு வருமே, அது இரண்டாம் வகை.

1968-இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சிவாஜிக்காக மதுரை சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்த நாகஸ்வரம் மோகனா காதிலும் விழுகிறது. விழாவிட்டால் கதையே இல்லை. '96' படத்தில் கரண்ட் போன வீட்டில் ஜானு பாடுகிறாள். ராம் கேட்டுத் துடிக்கிறான்.

நம் கரிசல்காட்டு இசை முழுக்க இந்த வகைதான். கொட்டுச் சத்தத்தை வைத்தே கல்யாணமா, கேதமா என்று கண்மாய்க்கு அந்தப் பக்கம் நிற்பவர் சொல்லிவிடுவார். அருப்புக்கோட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவிலும் குழாய் ஸ்பீக்கர் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நீங்கள்?

"குரல் கரகரப்பாக இருந்தது சார்" என்பீர்கள். இருக்கட்டுமே! அந்தக் கரகரப்பில்தான் சித்தி பட்ட பாட்டையெல்லாம் அவள் தங்கை சொல்லி அழுதாள். எந்த இசையமைப்பாளருக்கு அது தெரியும்?

யாரிடமாவது அசல் பதிவு இருந்தால் அழித்துவிடாதீர்கள். எனக்கு அனுப்புங்கள்.