பியானோவா, கீபோர்டா? வாங்கும்போதே விற்கும் விலையையும் பாருங்கள்!

பிள்ளை இசை வகுப்பில் சேர்ந்ததுமே வீட்டில் அந்தப் பேச்சு தொடங்கிவிடும். டிஜிட்டல் பியானோ வாங்குவதா, அரேஞ்சர் கீபோர்டு போதுமா? பாதியில் நிறுத்திவிட்டால் எது நல்ல விலைக்குப் போகும்? கீரப்பாளையம் மாதிரி நெல் விளையும் ஊரில், இது அறுவடைப் பணத்தில் கைவைக்கிற கேள்வி.

டிஜிட்டல் பியானோவில் 88 கட்டைகள். நிஜ பியானோ போலவே அழுத்தக் கனமாக இருக்கும். அரேஞ்சரில் பெரும்பாலும் 61 கட்டைகள். இடது கையில் கார்டு பிடித்தால் ரிதமும் பேஸும் தானாகச் சேர்ந்துகொள்ளும்.

அந்த ரிதம், டோன்களில்தான் அரேஞ்சரின் மதிப்பு இருக்கிறது. புது மாடல் வந்தால் பழசுக்கு மவுசு குறையும். யமஹாவின் பி.எஸ்.ஆர்-இ453 2016-ல் வந்தது. 2018-லேயே இ463 வந்துவிட்டது. அதே நிறுவனத்தின் பி-45 டிஜிட்டல் பியானோ 2015-ல் வந்தது. அதன் இடத்துக்கு பி-145 வந்தது 2023-ல்தான். பியானோ சீக்கிரம் பழசாவதில்லை.

அப்படியென்றால் பியானோதான் லாபமா? அவசரப்படாதீர்கள். உதாரணத்துக்கு, 12,000 ரூபாய் கீபோர்டு பாதி விலைக்குப் போனால் நஷ்டம் 6,000. 45,000 ரூபாய் பியானோ 60 சதவிகித விலைக்குப் போனாலும் நஷ்டம் 18,000. சதவிகிதத்தில் ஜெயிக்கும் பியானோ, ரூபாயில் மூன்று மடங்கு கையைக் கடிக்கிறது.

வாங்க ஆளும் வேண்டும். கீபோர்டை மெல்லிசைக் குழு, சர்ச், புதிதாகக் கற்கும் குழந்தை என யாராவது கேட்பார்கள். பியானோவுக்குச் சிறிய ஊரில் ஆள் கிடைப்பது கடினம். பி-45 மட்டுமே 11.5 கிலோ, பஸ்ஸில் எடுத்துப்போய்க் காட்டுவதும் சிரமம்.

எனவே, பிள்ளை எதைக் கற்கிறது என்று முதலில் பாருங்கள். டிரினிட்டி தேர்வில் பியானோவுக்கும் எலெக்ட்ரானிக் கீபோர்டுக்கும் தனித்தனி பாடத்திட்டம் உண்டு. பியானோ கிரேடு எழுதும் பிள்ளைக்குக் கனமான கட்டைகள் அவசியம். கர்னாடக இசை என்றால், கமகத்துக்கு உதவும் பிட்ச் பெண்ட் சக்கரம் உள்ள கீபோர்டு நல்லது. பெரும்பாலான டிஜிட்டல் பியானோக்களில் அது கிடையாது.

இன்னும் முடிவாகவில்லையா? பழைய கீபோர்டில் தொடங்குங்கள். முதல் விலைச் சரிவை முந்தைய உரிமையாளரே ஏற்றிருப்பார். எல்லாக் கட்டைகளையும் மெதுவாகவும் வேகமாகவும் அழுத்திப் பார்த்து வாங்குங்கள். பில், அட்டைப்பெட்டி, அடாப்டரைப் பத்திரப்படுத்துங்கள்; விற்கும் நாளில் பேரம் பேச அவை கைகொடுக்கும்.