தீப்பிடித்த பிக்கப் வண்டி: செலவு எதற்கு முதலில்?

செங்கம் சாலை வழியாக, ரமணாசிரமம் பகுதியைக் கடந்து திருவண்ணாமலைக்குக் காய்கறியும் பூவும் கொண்டுவரும் சிறு விவசாயிகள் பலருக்கு இன்று பழைய பிக்கப் வண்டிதான் மாட்டு வண்டியின் இடத்தில் நிற்கிறது. 2005-ல் ‘குட்டி யானை’ எனப்படும் டாடா ஏஸ் வந்த பிறகு, கைமாறிய வண்டியை வாங்கி ஓட்டுவது சிறு விவசாயிக்கும் கட்டுப்படியாகும் காரியமாயிற்று. அத்தகைய வண்டியின் எஞ்சினில் தீப்பிடித்தால் வண்டி மட்டுமா நிற்கிறது? பறித்த கத்தரியும் மல்லியும் சந்தைக்குப் போகாமல் வாடுகின்றன.

இந்த அவசரத்தில்தான் தவறு நேர்கிறது. சிலர் கிடைத்த விலைக்குப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுகின்றனர். வேறு சிலர், செலவு செய்வதுதான் செய்கிறோம் என்று, பெரிய எஞ்சினும் புதுப் பெயிண்டும் உயரமான பக்கப் பலகையும் கேட்கின்றனர். இரண்டுமே சரியல்ல. சேஸிஸ் வளையாமல், எஞ்சின் பிளாக் வெடிக்காமல் இருந்தால் வண்டியைச் சீர்செய்வதே லாபம். ஆனால் பணம் முதலில் ஒயருக்கும் டீசல் குழாய்க்கும் போக வேண்டும், அழகுக்கு அல்ல.

தீயின் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் பழுது பார்ப்பது, பூச்சி எதுவென்று தெரியாமல் மருந்து அடிப்பது போன்றது. 2010-ல் நானோ கார்கள் சில தீப்பற்றின. வெளியில் கூடுதலாகப் பொருத்திய மின்சாதனங்களும், புகைக்குழாயில் தங்கிய அந்நியப் பொருளுமே காரணம் என்று நிறுவனம் கூறியது. ஆயினும் புகைக்குழாய்க்கும் மின் அமைப்புக்கும் கூடுதல் பாதுகாப்பை இலவசமாகவே பொருத்தித் தர முன்வந்தது. அந்த இரண்டு இடங்களும் நம் பிக்கப் வண்டிகளுக்கும் பொருந்தும். ஏர் ஹாரன், பாட்டுப்பெட்டி, வண்ண விளக்கு எல்லாவற்றுக்கும் பியூஸ் இல்லாமல் ஒயரை உரித்து இணைத்துவிடுகின்றனர். மாட்டுத் தொழுவங்களுக்கு வைக்கோல் ஏற்றும்போது சைலன்சர் மேல் உதிர்ந்து தங்குவதை யாரும் பார்ப்பதில்லை. பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் வண்டி ஊர்ந்து செல்லும்போது காற்றோட்டம் குறைந்து சூடு மேலும் ஏறும்.

கருகிய ஒயரை டேப் சுற்றி ஒட்டுப்போடுவதற்கு விவசாயிகள் உடன்படக் கூடாது. கம்பி வெந்து நொறுங்கும் நிலைக்கு வந்திருக்கும். ஒயர் கட்டு முழுவதையும் மாற்றுதல் நலம். டீசல் ரிட்டர்ன் ஓஸ் உள்பட ரப்பர் குழாய்கள் அனைத்தையும் புதிதாகப் போட்டு, பேட்டரிக்குத் துண்டிப்பு சுவிட்சும், சைலன்சர் அருகே தகட்டு மறைப்பும் பொருத்தினால் அதுவே உண்மையான மேம்பாடு. சிலிண்டர் ஹெட் சூட்டில் வளைந்திருக்கக் கூடும்; லேத் பட்டறையில் மட்டம் பார்த்த பின்னரே பூட்ட வேண்டும். தீயணைப்புத் தூள் படிந்திருந்தால் கழுவிவிட வேண்டும். ஈரம் பட்டால் அது அலுமினியத்தையும் செம்பையும் அரிக்கும்.

பட்டறைக்கு இழுத்துச் செல்லும் முன் காப்பீட்டுப் பத்திரத்தைப் புரட்டிப் பார்ப்பது அவசியம். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் வெந்த வண்டிக்கு ஒன்றும் கிடைக்காது. முழுக் காப்பீடு இருந்தால் சர்வேயர் பார்க்கும்வரை ஒரு போல்ட்டையும் கழற்றக் கூடாது. பழுதுச் செலவு, பத்திரத்தில் குறித்த வண்டி மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால், அதை முழு இழப்பாகக் கணக்கிடுவர். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானமாகப் பாதி கழித்துத்தான் தருவர் என்பதையும் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

எஞ்சின் மாற்றுவோர் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவை மறக்கலாகாது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி பெற்று ஆர்.சி. புத்தகத்தில் பதியாவிட்டால், எப்.சி.யின்போது வண்டி நிற்கும். அடுத்த விபத்தில் காப்பீடும் கைவிடலாம். எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு எப்.சி. ஆண்டுதோறும் என்பதால் இதைத் தள்ளிப்போடவும் வழியில்லை. ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் அல்ல, கை எட்டும் இடத்தில் ஒரு சிறு தூள் தீயணைப்பானை மாட்டி வைக்கட்டும். புகை கண்டால் எஞ்சினை நிறுத்தி இறங்கி, பானெட்டை முழுவதும் திறக்காமல் இடுக்கு வழியே தூளைச் செலுத்த வேண்டும்.