கடன் இல்லாமல் ஒரு பிறந்தநாள்

அடுப்படிப் பக்கம்: வீட்டுப் பானங்களும் சிற்றுண்டிகளும்



பள்ளிக்கூடம் போகும் பிள்ளை உள்ள வீட்டில் வருடத்துக்கு ஒரு தடவையாவது இந்தக் கேள்வி எழும். "அம்மா, இந்த முறை என்ர பிறந்தநாளுக்கு என்ன செய்வம்?" வகுப்பில் வேறொரு பிள்ளை கேக் வெட்டிய கதையும் அதோடு சேர்ந்து வரும். கேட்ட தாய்க்கு அன்றிரவு நித்திரை வராது.

கேக், சோடாப் போத்தல், ரோல்ஸ், பலூன் என்று எல்லாவற்றையும் கடையில் வாங்கினால், ஒரு கிழமைச் சாப்பாட்டுக் காசு ஒரே பின்னேரத்தில் முடிந்துவிடும். இதற்காகக் கிழமைக் கடன் எடுத்தவர்களும் எம்மிடையே உண்டு. பிள்ளைகள் போன பிறகு பலூன் சுருங்கிவிடும். கடன்காரர் மட்டும் ஒவ்வொரு கிழமையும் படலையைத் தட்டுவார். பிறந்தநாளுக்காகக் கடன் வாங்க வேண்டாம் என்பதே இம்மாதப் பக்கத்தின் முதற் கோரிக்கை. வளவில் இருப்பவற்றையும் சந்தையில் மலிவாகக் கிடைப்பவற்றையும் கொண்டு பன்னிரண்டு பிள்ளைகளுக்கு எப்படிச் செய்யலாம் என்று கீழே தந்திருக்கிறோம்.

அதற்கு முன் இன்னொரு விடயம். "எங்களுக்கு என்ன கொண்டாட்டம்?" என்று சில சகோதரிகள் கேட்பதுண்டு. கணவரைப் பறிகொடுத்த வீட்டிலும், காணாமல் ஆக்கப்பட்டவரை இன்னும் தேடிக்கொண்டிருக்கும் வீட்டிலும் இந்தக் கேள்வி நியாயமானதே. பிறந்தநாள் மே மாதத்தில் வந்தால் மனம் இன்னும் கனக்கும். ஆனால் பிள்ளை பிறந்த நாளில் பிள்ளைக்கும் ஒரு பங்கு உண்டு. இறந்தவருக்காகக் காலையில் விளக்கேற்றிவிட்டு, பின்னேரத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். தேடிக்கொண்டிருப்பவர்கள் படத்துக்கு மாலை போட மாட்டார்கள், போடவும் வேண்டாம். அப்பாவைப் பற்றிப் பிள்ளைக்கு ஒரு நல்ல கதை சொல்லுங்கள். அவருக்கு விளாம்பழத் தண்ணீர் விருப்பம் என்றால் அன்றைக்கு அதையே கரையுங்கள். "இது அப்பாவுக்குப் பிடித்தது" என்று சொல்லிக் கொடுக்கும்போது, பிள்ளை அப்பாவையும் நினைக்கும், சந்தோசமாகவும் இருக்கும்.

இன்னும் சிலர் உண்டு. 2009 இல் எட்டு, பத்து வயதுச் சிறுமிகளாக இடம்பெயர்ந்து திரிந்தவர்கள் இன்று தாய்மார். தங்கள் பிறந்தநாள் ஒன்றையும் கொண்டாடி அறியாதவர்கள், பிள்ளைக்கு எப்படிச் செய்வது என்று கேட்கக் கூச்சப்படுகிறார்கள். கூச்சம் வேண்டாம். ஒரு பானம், ஓர் உறைப்பு, ஓர் இனிப்பு, ஒரு சிறிய கேக் என நான்கு இருந்தால் தாராளமாகப் போதும்.

முதலில் தண்ணீர்

பானம் எதுவானாலும் கொதித்தாறிய நீரிலேயே கரைக்க வேண்டும். நீர் நன்றாகக் கொந்தளித்துக் கொதித்த பின்னும் ஒரு நிமிடம் அடுப்பில் இருக்கட்டும். முதல்நாள் இரவே கொதிக்கவைத்து, கழுவிய மண்பானையில் ஊற்றி மூடி வைத்தால் மறுநாள் குளிர்ந்திருக்கும். மீனுக்குப் போடும் ஐஸ் கட்டியை வாங்கிப் பானத்தில் போட வேண்டாம். அது குடிநீரில் செய்யப்பட்டது என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். பிறந்தநாளுக்கு வந்த பிள்ளைகள் வயிற்றோட்டத்தோடு வீட்டுக்குப் போகக்கூடாது அல்லவா?

செவ்வரத்தம்பூப் பானம்

கடையில் விற்கும் சிவப்புச் சாயம் இல்லாமலே சிவக்கும் பானம் இது. பிள்ளைகளுக்கு ஒரு வேடிக்கையும் ஆகும்.

தேவையானவை: ஒற்றை அடுக்குச் சிவப்புச் செவ்வரத்தம்பூ 10, சீனி 150 கிராம், தேசிக்காய் 4, உப்பு ஒரு சிட்டிகை, தண்ணீர் 2 லீற்றர்.

பூவின் காம்பையும் பச்சைப் பகுதியையும் நடுத்தண்டையும் நீக்கி, இதழ்களை மட்டும் கழுவி எடுக்கவும். அரை லீற்றர் கொதிநீரை அதன்மேல் ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைக்கவும். இதழ் வெளிறி, நீர் கருஊதா நிறமாகும். வடித்து, சூட்டோடு சீனியையும் உப்பையும் கரைத்து ஆறவிடவும். பிறகு மிகுதி ஒன்றரை லீற்றர் கொதித்தாறிய நீரைச் சேர்க்கவும். தேசிக்காய்ப் புளியை மட்டும் பிள்ளைகள் வந்தபின், அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது விடுங்கள். ஊதா நிறம் ஒரு நொடியில் சிவப்பாக மாறும். பூவில் உள்ள நிறப்பொருள் புளிப்புப் பட்டதும் நிறம் மாறுவதே காரணம். மருந்து அடித்த செடியின் பூவை மட்டும் எடுக்க வேண்டாம்.

சீனிக் கணக்கையும் பாருங்கள். இந்தப் பானத்தில் ஒரு பிள்ளைக்கு ஏறக்குறைய இரண்டரைத் தேக்கரண்டி சீனி வரும். கடைச் சோடாவில் எவ்வளவு? போத்தலில் சிறிய நிற வட்டம் ஒன்று இருக்கும். 2016 முதல் இலங்கையில் இது கட்டாயம். சிவப்பு வட்டம் என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி உள்ளது என்று பொருள். அப்படியான 400 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றில் ஒன்பது தேக்கரண்டியளவு சீனி இருக்கும். வளர்ந்தவர்களே நாளொன்றுக்கு 25 கிராம், அதாவது ஐந்து தேக்கரண்டி அளவோடு நிறுத்தினால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை.

விளாம்பழத் தண்ணீர்

தேவையானவை: நன்றாகப் பழுத்த பெரிய விளாம்பழம் 2, பனங்கட்டி 200 கிராம், தேங்காய் முதற்பால் 2 கோப்பை, தண்ணீர் 8 கோப்பை, உப்பு ஒரு சிட்டிகை.

பழத்தை உடைத்துச் சதையை வழித்து, சிறிது நீர் விட்டுக் கையால் பிசையவும். அரிதட்டில் வடித்து விதையையும் நாரையும் நீக்கவும். பனங்கட்டியைச் சுடுநீரில் கரைத்து, மண் இல்லாமல் வடித்து ஆறவிட்டுச் சேர்க்கவும். தேங்காய்ப்பாலைக் கடைசியில் விடவும். பால் விட்டபின் இரண்டு மணித்தியாலத்துக்குள் குடித்து முடித்துவிட வேண்டும். வெயிலில் தேங்காய்ப்பால் விரைவில் புளித்துவிடும்.

1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், சீனி இல்லாமல் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடித்தவர்கள் நாம். அன்று வேறு வழியில்லாமல் உண்ட பனங்கட்டியை இன்று விருப்பத்தோடு பிள்ளைக்குக் கொடுக்கலாம். வாங்கும் காசும் பனைத் தொழிலை நம்பியிருக்கும் எம் குடும்பங்களுக்கே போகும்.

மோர்த்தண்ணீர்

கோயில் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தலில் வாங்கிக் குடித்த அதே மோர்த்தண்ணீர்தான். இரண்டு கோப்பைத் தயிரை நன்றாகக் கடைந்து ஆறு கோப்பைத் தண்ணீர் விடவும். ஆறு சின்ன வெங்காயம், சிறு துண்டு இஞ்சி, ஒரு நெட்டுக் கறிவேப்பிலை ஆகியவற்றைப் பொடியாக அரிந்து போட்டு, ஒரு தேக்கரண்டி உப்பும் அரைத் தேசிக்காய்ப் புளியும் சேர்க்கவும். பச்சைமிளகாயை முழுதாகக் கீறிப் போட்டு, பரிமாற முன் எடுத்துவிட்டால் சிறுவருக்கு உறைக்காது. சீனி வருத்தம் உள்ள அம்மம்மாவும் அப்பப்பாவும் பயமின்றிக் குடிக்கலாம்.

வெயில் காலமென்றால் வெள்ளரிப்பழத்தை மறவாதீர்கள். தோலும் விதையும் நீக்கி, சிறிது சீனியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துப் பிசைந்து கரண்டியோடு கொடுத்தால் அதுவே ஐஸ்கிறீம்.

தாளித்த கடலை

தேவையானவை: கொண்டைக்கடலை 500 கிராம், சின்ன வெங்காயம் 10, செத்தல் மிளகாய் 3, கடுகு, கறிவேப்பிலை, சிறிதாக வெட்டிய தேங்காய்ச் சொட்டு ஒரு கைப்பிடி, எண்ணெய் 2 மேசைக்கரண்டி, உப்பு.

கடலையை முதல்நாள் இரவே ஊறவைக்கவும். ஊறிய நீரை ஊற்றிவிட்டுப் புதுநீரில் மெத்தென அவித்து, கடைசியில் உப்புப் போட்டு வடிக்கவும். தாச்சியில் எண்ணெய் விட்டுக் கடுகு வெடித்ததும் மற்றவற்றைத் தாளித்து, கடலையைக் கொட்டிக் கிளறி இறக்கவும். பழைய கொப்பித்தாளில் மை இருக்கும். ஆகவே சுருள் செய்யாமல் வாழையிலைத் துண்டிலோ சிறு கிண்ணத்திலோ கொடுங்கள். ரோல்ஸைவிட மலிவு, புரதச் சத்தும் உண்டு.

பயத்தம் உருண்டை

தேவையானவை: வறுத்துத் திரித்த பயத்தம்மா 250 கிராம், பனங்கட்டி அல்லது சர்க்கரை 150 கிராம், வறுத்த தேங்காய்ப்பூ 100 கிராம், ஏலக்காய் 3, மிளகுதூள் கால் தேக்கரண்டி.

பயற்றை மணம் வரும்வரை, கருகாமல் வறுப்பதே முக்கியம். தேங்காய்ப்பூவையும் ஈரம் போகும்வரை இளம் பொன்னிறமாக வறுக்கவும். பனங்கட்டியைக் கால் கோப்பை நீரில் கரைத்து வடித்து, மீண்டும் அடுப்பில் வைத்துப் பாகு சற்றுத் தடிக்கும்வரை காய்ச்சவும். இறக்கி, மா, தேங்காய்ப்பூ, ஏலம், மிளகு எல்லாவற்றையும் சேர்த்துக் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் உருண்டை பிடிக்கவும். ஆறினால் உதிரும். உதிர்ந்தால் ஒரு மேசைக்கரண்டி சுடுநீர் தெளித்துப் பிடிக்கலாம். ஏறக்குறைய இருபது உருண்டை வரும். எண்ணெயில் பொரிக்காதபடியால் செலவும் குறைவு.

தேங்காய் ரொபி

இரண்டு கோப்பைத் தேங்காய்ப்பூ, ஒன்றரைக் கோப்பைச் சீனி, கால் கோப்பைத் தேங்காய்ப்பால் மூன்றையும் தடித்த தாச்சியில் போட்டு இளஞ்சூட்டில் விடாமல் கிளறவும். கலவை திரண்டு தாச்சியின் ஓரத்தை விட்டு வரும்போது ஏலத்தூள் தூவி, எண்ணெய் பூசிய தட்டில் கொட்டிப் பரப்பவும். சூடு ஆறமுன் துண்டுகளாகக் கீறிவிட வேண்டும். நிறம் வேண்டுமானால், கிளறும்போது ஒரு மேசைக்கரண்டி பீற்றூட் சாறு விடலாம். வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்பவும் இது ஏற்றது.

ஆவியில் அவிக்கும் ரவைக் கேக்

போறணை இல்லாதவர்களுக்கு இது கைகொடுக்கும்.

தேவையானவை: வறுத்த ரவை 200 கிராம், சீனி 150 கிராம், மாஜரீன் 75 கிராம், முட்டை 2, தேங்காய் முதற்பால் 200 மில்லிலீற்றர், பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, வனிலா சில துளி.

மாஜரீனையும் சீனியையும் நன்றாக அடித்து, முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து மேலும் அடிக்கவும். ரவையையும் தேங்காய்ப்பாலையும் கலந்து, ரவை ஊறுவதற்கு இருபது நிமிடம் விடவும். பிறகு பேக்கிங் பவுடரையும் வனிலாவையும் கலந்து, மாஜரீன் பூசிய பாத்திரத்தில் பாதியளவுக்கு ஊற்றவும். பெரிய பானையில் நீர் கொதிக்கும்போது, உள்ளே ஒரு தாங்கி வைத்து அதன்மேல் பாத்திரத்தை வைக்கவும். பானை மூடியைத் துணியால் சுற்றிக் கட்டி மூடினால் ஆவிநீர் கேக்கின்மேல் சொட்டாது. 45 நிமிடம் அவித்து, ஈர்க்கு ஒன்றால் குத்திப் பார்க்கவும். ஈர்க்கில் மா ஒட்டாவிட்டால் வெந்துவிட்டது. இடையில் பானையில் நீர் வற்றாமல் பார்க்கவும். 2022 இல் பால்மாவுக்கு வரிசையில் நின்றோமே, இதற்குப் பால்மாவே தேவையில்லை.

சின்னஞ்சிறுசுகளுக்குக் கவனம்

முழுக் கச்சானும் முழுக் கடலையும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தொண்டையில் சிக்கக்கூடும். அவர்களுக்குக் கடலையை மசித்துக் கொடுங்கள். ரொபியையும் சிறு துண்டாக்கி, இருத்திவைத்துக் கொடுங்கள், ஓடும்போது வேண்டாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குச் சீனி, உப்பு, தேன் எதுவும் வேண்டாம். கச்சான், முட்டை போன்றவை ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருக்கிறதா என்று தாய்மாரிடம் முன்கூட்டியே கேட்பதும் நல்லது.

வேலையைப் பங்கிடுவது இப்படி: இரண்டு நாளுக்கு முன் உருண்டையும் ரொபியும் செய்து மூடியுள்ள பேணியில் போடலாம். முதல்நாள் இரவு கடலை ஊறும், தண்ணீர் கொதித்து ஆறும். அன்று காலை கேக் அவியும். பின்னேரம் பானமும் தாளிதமும் மட்டுமே. பூப்பறிக்கவும் உருண்டை பிடிக்கவும் பிறந்தநாள் பிள்ளையையே கூப்பிடுங்கள். கை கழுவியபின் தான்!

ஓரிரு முறை செய்து கைபழகிய சகோதரிகள் அயலவருக்குச் செய்து கொடுத்து வருமானமும் தேடலாம். ஒரு கொப்பியில் பொருட் செலவு, விறகு அல்லது காஸ், பொதியிடும் செலவு எல்லாவற்றையும் எழுதி, உங்கள் கூலியையும் சேர்த்து விலை வையுங்கள். பலர் கூலியை எழுத மறந்து, நட்டத்துக்கு விற்கிறார்கள். தொடர்ந்து விற்பதாயின் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஆலோசனை கேளுங்கள்.

சகோதரிகளே, பிள்ளை பெரியவனானதும் எத்தனை பலூன் கட்டினோம் என்பதை நினைவில் வைத்திருக்க மாட்டான். ஊதாத் தண்ணீர் சிவந்ததையும், அம்மா அன்று சிரித்ததையும் நினைவில் வைத்திருப்பான்.

அடுத்த மாதம்: குரக்கன் மாவில் காலை உணவுகள்.