வேலனின் மூலிகையும் தோழியின் சொல்லும்

'வெறி' என்னும் சொல்லை நாம் இன்று சினத்துக்கும் கொலைக்கும் ஒதுக்கிவிட்டோம். பழந்தமிழில் அதற்கு நறுமணம் என்றும் பொருள் உண்டு. தெய்வம் ஏறித் தன்னை மறந்த நிலை என்றும் பொருள் உண்டு. அகப்பாடல்களின் வெறியாட்டுத் துறையை அன்பர்கள் நினைவுகூரலாம். தலைவி மெலிகிறாள், உறக்கம் அவளை விட்டுப் போய்விட்டது. தாய் வேலனை அழைக்கிறாள். முற்றத்தில் மணல் பரப்பி, மறி அறுத்து, முருகனைத் தன்மேல் ஏற்றிக்கொண்டு வேலன் ஆடுகிறான். முருகு அணங்கியதால் வந்த நோய் இது என்கிறான். அது தவறான முடிவு என்பது தலைவிக்கும் தெரியும், தோழிக்கும் தெரியும், படிக்கும் நமக்கும் தெரியும். நோய் பிரிவினால் வந்தது. அதைத் தோழி வாய்திறந்து சொல்லும் இடத்துக்கு இலக்கண நூலார் தந்த பெயர் 'அறத்தொடு நிற்றல்'. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு முழுவதும் அத்துறையில் அமைந்ததே.

இப்பழங்காட்சியை இங்கே எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. உறக்கத்துக்கு ஒரு மூலிகை, தெளிவான கனவுக்கு ஒரு மூலிகை, வேறொரு நினைவு நிலைக்கு ஒரு மூலிகை என்று சூரணமாகவும் குளிகையாகவும் தேநீராகவும் விற்பனை பெருகிவரும் காலம் இது. நாட்டு மருந்துக் கடையில் பொட்டலமாகக் கிடைத்தது இன்று இணையத்தில் வண்ணக் குப்பியில் வருகிறது. இலக்கிய அன்பர்களிடையேயும் இதற்கு ஒரு கவர்ச்சி இருக்கிறது; சித்தர்களின் பெயரைச் சொல்லிவிட்டால் அந்தக் கவர்ச்சி இரட்டிப்பாகிறது. பல்லடத்தைப் போன்ற ஓர் ஊரில் இருந்துகொண்டு இதைப் பற்றி நாம் பேசாமல் இருப்பது சரியாகாது எனத் தோன்றுகிறது.

ஏனெனில் பல்லடம் உறங்காத ஊர். இரவுப் பேருந்தில் இவ்வழியே போகிறவர் எவரும் விசைத்தறிகளின் ஓசையைக் கேட்டிருப்பார். தறிக்குடோன்களில் நாடா இரவெல்லாம் ஓடுகிறது. ஊரைச் சுற்றியுள்ள பிராய்லர் கொட்டகைகளில் கோழி இரவிலும் தீனி எடுக்க வேண்டும் என்று விளக்கை எரியவிடுகிறார்கள். திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் 'ஒன்றரை ஷிப்டு' என்பது எல்லோருக்கும் தெரிந்த சொல். பன்னிரண்டு மணி நேர உழைப்புக்கு அது கணக்கு வழக்கில் ஏறிய பெயர். இப்படிப்பட்ட ஊரில் உறக்கத்துக்கு மருந்து கேட்பவர் கூட்டம் பெருகுவதில் வியப்பில்லை. அவருக்கு என்ன பதில் சொல்லப்படுகிறது என்பதே நம் கவலை.

மூலிகைகளை நாம் இழிவாகப் பேச வரவில்லை. அமுக்கராவை எடுத்துக்கொள்வோம். தாவரவியலார் அதற்கு இட்ட பெயரிலேயே 'சோம்னிஃபெரா', அதாவது உறக்கம் தருவது, என்ற சொல் இருக்கிறது. சித்த மருத்துவத்தின் அமுக்கராச் சூரணத்தில் கிராம்பு ஒரு பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128 பங்கு. ஒவ்வொன்றும் முந்தையதன் இருமடங்கு. பாட்டைப் போல மனத்தில் நிற்கும்படி அளவை அமைத்த அறிவு அது. உறக்கத்துக்கு இவ்வேர் ஓரளவு உதவுகிறது என்று சிறிய ஆய்வுகள் சில காட்டியிருக்கின்றன. அதே வேர் சிலருக்கு ஈரலைத் தாக்கியதாக மருத்துவக் குறிப்புகளும் உள்ளன. டென்மார்க் 2023இல் அதைத் தடைசெய்தது. வீடுகளில் பாலில் சிறிது உரசிக் கொடுக்கும் ஜாதிக்காய் பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகவே விளைகிறது. அளவு மீறினால் அதுவே குமட்டலையும் பிதற்றலையும் கொண்டுவரும்.

மூலிகையின் ஆற்றலை ஐயப்படுவோர்க்கு ஒரு வரலாறு போதும். சர்ப்பகந்தி வேரை வடநாட்டார் பித்துக்கு மருந்தாக நெடுங்காலம் வழங்கிவந்தனர். 1931இல் கொல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் அதைப் பற்றி எழுதினர். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வகீல் இரத்தக் கொதிப்புக்கு அது பயன்படுவதை பிரிட்டிஷ் இதயநோய் ஆய்விதழில் வெளியிட்டார். 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் அவ்வேரிலிருந்து ரெசர்பைன் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். இரண்டே ஆண்டுகளில் அமெரிக்க மனநோய் மருத்துவமனைகளில் அது புகுந்துவிட்டது. அமைதி தந்தது உண்மை. ஆனால் அதை உண்டவர்களில் சிலர் கொடுங்கனவுகளாலும் ஆழ்ந்த சோர்வாலும் துன்புற்றனர் என்பதும் விரைவில் தெரியவந்தது. 'மூலிகைதானே, பக்கவிளைவு இல்லை' என்று சொல்பவர் உண்மையில் அதற்கு ஆற்றல் இல்லை என்றே சொல்கிறார். ஆற்றல் உள்ள எதற்கும் விலை உண்டு.

ஊமத்தையின் பெயரிலேயே அதன் விலை எழுதப்பட்டிருக்கிறது. 'உன்மத்தம்' என்பதன் திரிபு அது. சிவன் சூடும் பூ என்பதால் அதற்கு ஒரு புனிதம் ஏறியிருக்கிறது. ஆனால் அது தருவது கனவன்று. எதிரில் இல்லாதவரோடு பேசுவதும், உடல் கொதிப்பதும், பின்பு ஒன்றும் நினைவில் இல்லாமற் போவதுமான பிதற்றல் நிலை அது. சில வேளை சாவு. செடிக்குச் செடி நஞ்சின் அளவு மாறும் என்பதால் அளவறிந்து உண்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. வழிப்போக்கரை மயக்கிக் கொள்ளையடித்தவர்கள் இதைக் கையாண்டதை ஆங்கிலேயர் காலத்துப் பதிவுகள் சொல்கின்றன.

அடுத்தது கஞ்சா. நம் சித்த மரபில் அதற்குக் கோரக்கர் மூலி என்று பெயர். 1893இல் ஆங்கில அரசு அமைத்த இந்திய சணல் போதைப்பொருள் ஆணையம் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் சாட்சியம் பெற்று, அளவோடு கொள்வதால் பெருந்தீங்கு இல்லை, மிகுதியே கேடு, முற்றாகத் தடுக்க வேண்டியதில்லை என 1894இல் அறிக்கை தந்தது. 1985இன் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் பூவையும் காய்ப்பகுதியையும் பிசினையும் தடைசெய்தது. தனித்த இலையை அதன் வரையறைக்கு வெளியே விட்டு மாநிலங்களின் போக்குக்கு ஒப்படைத்தது. அதனால் உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமம் பெற்ற கடையில் பாங்கு விற்கிறது. அங்கிருந்தும் பிற வடமாநிலங்களிலிருந்தும் பிழைக்க வந்த தொழிலாளர்களே இன்று நம் தறிகளையும் பனியன் கம்பெனிகளையும் பெருமளவில் ஓட்டுகிறார்கள். திருப்பூர் வட்டாரத்தில் 'கஞ்சா சாக்லேட்' பிடிபட்டது என்ற செய்தி அண்மை ஆண்டுகளில் நாளேடுகளில் அடிக்கடி வருகிறது. பன்னிரண்டு மணி நேரம் நின்று உழைத்து, ஓர் அறையில் பலராக ஒடுங்கிப் படுக்கும் ஒருவன், ஊரில் கடையில் வாங்கிய உருண்டையின் உறவாக இதைக் காண்கிறான். இங்கோ அது அவனைச் சிறைவாயிலில் நிறுத்துகிறது. விற்பவனைத் தண்டிப்பதில் நமக்கு மறுப்பில்லை. தின்றவனைப் பார்த்து 'வடக்கன் போதையில் கிடக்கிறான்' என்று முகம் சுளிப்பதோடு நம் கடமை முடிந்துவிடுவதாக எண்ணுவதில்தான் மறுப்பு.

கனவை நாடிக் கஞ்சாவிடம் போகும் நண்பர்களுக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். இமைக்குள் கண்கள் விரைந்து அசையும் உறக்க நிலையை 1953இல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் கண்டறிந்து எழுதினர். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அந்நிலையில்தான் வருகின்றன. விடியலை நெருங்க நெருங்க அது நீள்கிறது. மதுவும் அந்நிலையைக் குறைக்கிறது. கஞ்சாவும் குறைப்பதாகவே பல ஆய்வுகள் காட்டின. நாள்தோறும் கஞ்சா பழகியவர் அதை விட்டதும் சில காலம் கனவுகள் வெள்ளமாய்ப் பெருகுவது அடக்கப்பட்டது திரும்பி வருவதனால். கனவைத் தருவதாகச் சொல்லப்படும் பொருள் கனவைக் களவாடுகிறது என்பதே உண்மைக்கு அருகில் உள்ள கூற்று.

சித்தர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்போர் உண்டு. கொங்கு மண் சித்தர் நினைவுகள் நிறைந்த மண். பழனியில் போகர், கரூரில் கருவூரார், காங்கயத்தை அடுத்த ஊதியூர் மலையில் கொங்கணர். ஆனால் திருமூலரின் முதல் தந்திரத்தில் கள்ளுண்ணாமைக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது என்பதையும், அவர் மதுவின் களிப்பையும் சிவானந்தக் களிப்பையும் எதிரெதிரே நிறுத்துகிறார் என்பதையும் மறக்கலாகாது. மேலை இலக்கியத்தைச் சான்று காட்டுவோர் போதலேரைச் சொல்வார்கள். அவர் 1860இல் வெளியிட்ட 'செயற்கைச் சொர்க்கங்கள்' ஹஷீஷைப் போற்றும் நூலென்று எண்ணுவோர் அதைப் படித்திருக்க மாட்டார்கள். மனிதனிடம் ஏற்கெனவே இருப்பதைத்தான் அது பெருக்கிக் காட்டும், விலையாக அவனுடைய மன உறுதியை எடுத்துக்கொள்ளும் என்பது அவர் வந்துசேர்ந்த முடிவு.

கனவுக்காக மூலிகை கொள்ளும் மக்கள் உலகில் உண்டு. மெக்சிகோவின் சோந்தால் மக்கள் கலியா என்னும் கசப்பிலையைக் குறி கேட்கக் கொள்கிறார்கள். 1986இல் வெளியான மெக்சிகோ ஆய்வொன்று அது கனவை ஓரளவு மிகுவிப்பதைக் கண்டது. தென்னாப்பிரிக்க சோசா மக்களிடையே குறி சொல்லப் பயில்வோர் ஒரு வேரைக் கொள்கிறார்கள். ஆனால் அங்கெல்லாம் கேள்வி ஒன்று இருக்கிறது, வழிநடத்தும் மூத்தோர் இருக்கிறார்கள், விடிந்ததும் கனவைக் கேட்க ஒரு காது இருக்கிறது. நமக்குக் குப்பியில் வருவது அம்மூன்றும் நீக்கிய வெறும் வேர்.

நம் இலக்கியமும் இதையே சொல்கிறது. திருக்குறளில் கனவுக்கென அமைந்த அதிகாரத்தின் பெயர் 'கனவுநிலை உரைத்தல்'. சிலம்பில் கண்ணகி தன் கனவைத் தேவந்திக்குச் சொல்லும் காதைக்குப் பெயர் 'கனாத்திறம் உரைத்த காதை'. ஆண்டாள் தன் மணக்கனவைத் தோழியை விளித்தே சொல்கிறாள். கனவைக் காணுதல் என்று நிறுத்தாமல் உரைத்தல் என்று தமிழ் பெயரிட்டது. உரைப்பதற்கு ஒருவர் இருக்கும்போதுதான் கனவு முழுமை பெறுகிறது. இவர்களில் எவரும் மூலிகை உண்டு கனவு கண்டதாக இல்லை. உறங்கினார்கள், கண்டார்கள், சொன்னார்கள்.

இரவுத் தறிக்காரன் விடிந்தபின் படுக்கிறான். வெயிலும் ஓசையும் கலைக்கும் பகலுறக்கத்தில் கனவுக்குரிய பகுதியே முதலில் அறுபடுகிறது. அவன் எழும்போது மனைவி வேலைக்குப் போயிருப்பாள், பிள்ளைகள் பள்ளியில். கணவனும் மனைவியும் வெவ்வேறு ஷிப்டில் இருக்கும் வீட்டில் யார் யாருக்குக் கனவுரைப்பது? இரவுப் பணியைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவற்றுள் ஒன்றாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் வகைப்படுத்தி, 2019இல் மீண்டும் உறுதி செய்தது. அதே 2019இல், தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில் மாதவிடாய் வலிக்குப் பெயரற்ற மாத்திரைகளைப் பெண்களுக்குக் கொடுத்து வேலை நிற்காமல் பார்த்துக்கொண்டதை தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை வெளிக்கொணர்ந்தது. நூறு பெண்களிடம் கேட்டு எழுதிய செய்தி அது. மாத்திரையோ மூலிகையோ, இயந்திரத்தின் நேரத்துக்கு உடலை வளைப்பதற்காக ஊட்டப்படும்போது இரண்டும் ஒன்றே.

2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தைத் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றியது. எதிர்ப்பு எழவே அரசு அதைத் திரும்பப் பெற்றது. தாளில் திரும்பப் பெற்றது தறிக்குடோனில் திரும்பப் பெறப்படவில்லை என்பது இங்குள்ள அனைவரும் அறிந்ததே. கூலிக்கு நெய்யும் தறி உரிமையாளர்களில் பலர் தாமே இரவில் தறியோட்டுகிறவர்கள். கூலி உயராதவரை அவர்களும் நிறுத்த இயலாது என்பதை நாம் உணர்வோம். ஆகவே தனி மனிதர்மேல் பழி சுமத்துவது நம் நோக்கமன்று. உறக்கமின்மையால் வருந்துவோர் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களின் சித்த மருத்துவப் பிரிவுகளையோ பிற மருத்துவரையோ நாடட்டும். அமுக்கரா வேண்டுமெனில் அவர் அளவறிந்து தரட்டும். கடைக்காரரும் இணையமும் மருத்துவராக வேண்டியதில்லை.

எழுதுகிறவர்களிடமும் படிக்கிறவர்களிடமும் நாம் வேண்டுவது இது. போதையைப் பற்றி ஞானமொழி பேசுவதைச் சற்று நிறுத்திவிட்டு உறக்கத்தைப் பற்றிப் பேசுவோம். எட்டு மணி நேர வேலை, இரவுப் பணிக்குப் பின் போதிய ஓய்வு, படுக்க அமைதியான இடம் ஆகியவை தொழிற்சங்கத்தின் கோரிக்கைகள் மட்டுமல்ல. இலக்கியத்தின் கோரிக்கைகளும் அவையே. கனவு காண நேரமில்லாத மக்களிடமிருந்து கதை எங்கிருந்து வரும்? முற்றத்தில் வேலன் ஆடிக்கொண்டுதான் இருப்பான். அவன் கையில் இன்று வண்ணக் குப்பி இருக்கிறது. நோய் எதனால் வந்தது என்று சொல்லத் தெரிந்தவள் தோழி. அவளுடைய இடம்தான் எழுதுகிறவர்களின் இடம்.