தெரியாத பாஷையில் கேட்பது கேட்பதாகுமா?

பொது ஜனங்களுடைய அபிப்பிராயத்தைக் கேட்டுத்தான் எல்லாக் காரியமும் நடக்கிறதென்று சர்க்கார் சொல்லிக்கொள்ளுகிறது. விதிகளை முன்கூட்டியே கம்ப்யூட்டரில் வெளியிடுகிறார்களாம். ஆட்சேபணையுள்ளவர்கள் மின்னஞ்சலில் எழுதலாமாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கேட்ட யோக்கியதை என்ன என்பதை 2020-ம் வருஷத்துச் சங்கதி ஒன்றைக் கொண்டு பார்ப்போம்.

அவ்வருஷம் மார்ச்சு 23-ந் தேதியிட்டு மத்திய சர்க்காரின் சுற்றுச்சூழல் இலாகா ஒரு நகல் விதி தயாரித்தது. சுரங்கமோ தொழிற்சாலையோ வருவதற்கு முன், அதனால் காற்றுக்கும் நீருக்கும் ஜனங்களுக்கும் வரும் கேட்டை ஆராய்வதைப் பற்றியது அது. பூமி சூடேறுவதற்கு முக்கிய காரணமான நிலக்கரியை வெட்டுகிறவர்களும் எரிக்கிறவர்களும் இவ்விதியின் கீழ்தான் அனுமதி பெறவேண்டும். அனுமதியில்லாமலே வேலையை ஆரம்பித்தவர்களுக்குப் பின்னால் அனுமதி கொடுக்கவும், ஊரார் கருத்துச் சொல்ல இருந்த 30 நாள் தவணையை 20 நாளாகக் குறைக்கவும் அதில் இடம் வைத்திருந்தார்கள்.

ஏப்ரல் 11-ல் கெஜட்டில் வந்தது. தவணை 60 நாள். கொரோனாவால் நாடே வீட்டுக்குள் அடைபட்டிருந்த சமயம். பாஷையோ இங்கிலீஷும் இந்தியும் மாத்திரமே! சுரங்கத்துக்கு நிலம் கொடுக்கப் போகிறவன் நெய்வேலிப் பக்கத்துக் குடியானவன். அவன் எந்தப் பாஷையில் படிப்பான்? கல்யாண வீட்டில் புரோகிதர் என்னத்தையோ சமஸ்கிருதத்தில் சொல்ல, மாப்பிள்ளை தலையாட்டுகிறானே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அங்கே தட்சணையோடு போகிறது. இங்கே நிலமும் கிணறும் போகிறது.

டில்லி ஹைக்கோர்ட்டு ஜூன் 30-ல், அரசியல் சட்டத்தின் 8-வது அட்டவணையிலுள்ள 22 பாஷைகளிலும் மொழிபெயர்த்து வெளியிடும்படி உத்தரவிட்டு, தவணையை ஆகஸ்டு 11 வரை நீட்டிற்று. சர்க்கார் என்ன செய்தது? மொழிபெயர்க்க உட்காராமல் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஓடிற்று. மொழிபெயர்ப்பதைவிட வக்கீல் வைப்பது சுலபம் போலும்!

இதற்கிடையில், ஆட்சேபணை அனுப்ப வழிகாட்டிய வாலிபர்களின் இணையப் பக்கம் ஒன்று முடக்கப்பட்டது. மந்திரிக்கு ஏராளமான மின்னஞ்சல் வருகிறதென்பதே புகார். டில்லிப் போலீசார் நோட்டீசில் உபா சட்டத்தின் பெயரையே எழுதிவிட்டு, பிறகு அது தவறுதலாய்ப் போய்விட்டதென்றார்கள். எழுதச் சொன்னதும் அவர்கள்; எழுதினால் குற்றமென்றதும் அவர்கள். அப்படியும் 10 லட்சத்துக்கு மேல் கடிதங்கள் போய்ச் சேர்ந்தன. அந்த நகல் அப்படியே விதியாக வரவில்லை.

ஆனால் தோழர்கள் மகிழ்ந்துவிட வேண்டாம். 2021 ஜூலையில், முன் அனுமதியில்லாமல் ஆரம்பித்தவர்களை எப்படி நடத்துவதென்பதை ஒரு ஆபீஸ் குறிப்பு மூலமாகவே வகுத்தார்கள். அதற்கு ஜனங்களை யாரும் கேட்கவில்லை.

இங்கே 2019-ல் மழைக்காக யாகம் நடத்தும்படி அறநிலையத்துறை கோவில்களுக்குத் தாக்கீது அனுப்பிற்று. அது மாகாண இலாகா, இது டில்லி இலாகா என்று சிலர் சொல்லலாம். இருக்கட்டும். யாகத்தின் தாக்கீது கோவில் கோவிலாய்ப் போக வழியிருக்கும்போது, கரிப்புகையின் விதி மாத்திரம் ஊருக்கு வர வழியில்லையா?

ஆகவே நாம் கேட்பது இதுதான். நகல் விதி வரும் அன்றே தமிழிலும் வரவேண்டும். பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டி, கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும். கைபேசியில்லாதவன் வாயால் சொன்ன ஆட்சேபணையும் எழுத்தில் பதிவாக வேண்டும். ஏற்காவிட்டால் அதற்குக் காரணம் எழுதித் தரவேண்டும். அடுத்த கிராம சபைக்குப் போகும் தோழர்கள் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவந்து, அதன் நகலை நமக்கும் அனுப்பினால் இப்பத்திரிகையில் பிரசுரிக்கச் சித்தமாயிருக்கிறோம்.