வேலிக்கும் நிழலுக்கும் மரம் தெரிந்தெடுத்தல்: விரைவு ஒன்றே தகுதியாகுமா?

தோட்டக்காலுக்கு வேலியும், வீட்டுக் கொல்லைக்கு மறைப்பும், தொழுவத்திற்கு நிழலும் வேண்டுமென்று கருதுவோர் முதலில் கேட்கும் கேள்வி, "எது சீக்கிரம் வளரும்?" என்பதேயாகும். சங்கரன்கோவில் தாலுகாவில் இக்கேள்வி நியாயமற்றதென்று சொல்வதற்கில்லை. மேற்கு மலைத் தொடரின் மழை மறைவில் அமைந்த இப்பகுதிக்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் மழையே பெரும் ஆதாரம். ஆனி, ஆடி மாதங்களில் வீசும் மேல்காற்று எலுமிச்சையின் பூவையும் பிஞ்சையும் உதிர்த்து, கரிசலின் ஈரத்தையும் உறிஞ்சிவிடுகின்றது. வேலியில்லாத புஞ்சையில் ஆடுமாடுகள் செய்யும் நஷ்டம் எவரும் அறிந்ததே. ஆகையால் குடியானவர் அவசரப்படுதல் இயல்பு. எனினும், அவ்வவசரத்தில் நட்டவை நாட்டிற்கு இரு முறை பெருந்துன்பம் விளைத்துள்ளன என்பதை மறத்தல் ஆகாது.

முதலாவது சப்பாத்திக்கள்ளி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இச்செடி, நீரும் காவலும் வேண்டாமல் வளர்வதால் நல்ல வேலியென்று ஊர்தோறும் நடப்பட்டது. ஒரு மடல் விழுந்த இடமெல்லாம் வேரூன்றி, மேய்ச்சல் நிலத்தையும் பாதைகளையும் மூடிக்கொண்டது. வெட்டியும் எரித்தும் ஒழியாத அதனை, 1926ஆம் வருஷத்தில் இலங்கையிலிருந்து தருவிக்கப்பெற்ற கொச்சினீல் பூச்சியே சில வருஷங்களில் தென்னிந்தியாவில் பெரும்பாலும் அழித்தது.

இரண்டாவது, வேலிகாத்தான் என்று பெயர் பெற்ற சீமைக் கருவேலம். இதன் விதைகள் 1877ஆம் வருஷத்தில் ஜமைக்காத் தீவிலிருந்து வருவிக்கப்பெற்று, அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பைப் பிரதேசத்தில் விதைக்கப்பட்டன. வேலிக்கும் விறகிற்கும் இதைவிட விரைவாய் வளர்வது வேறில்லையென்று பின்னர் எங்கும் பரப்பப்பட்டது. இதன் இனிய காய்களை ஆடுமாடுகள் விரும்பித் தின்னும். விதையோ செரிக்காமல் சாணத்துடன் வெளிப்பட்டு, எருவோடு சேர்ந்தே முளைக்கும். அடிமரத்தை வெட்டினால் தூரிலிருந்து பல கிளைகள் எழும். இவ்வாறு வேலி காக்க வந்தது கண்மாயிலும் ஓடையிலும் தரிசிலும் குடியேறிற்று. 2017ஆம் வருஷத்தில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதனை அகற்றுமாறு உத்தரவிட வேண்டியதாயிற்று. 2022ஆம் வருஷத்தில் தமிழ்நாடு அரசு அன்னிய ஆக்கிரமிப்புத் தாவரங்களைப் பற்றித் தனிக் கொள்கையே வெளியிட்டது.

இம்மரத்தால் நன்மையே இல்லையென்று கூறுவது நீதியாகாது. ஏழைகளின் அடுப்பிற்கு விறகும், பல குடும்பங்களுக்குக் கரிமூட்டத்தால் கூலியும் இதுவே அளித்தது. ஆனால் ஒருவர் தம் எல்லைக்கு நட்ட மரம் ஊராரின் குளத்தை அடைக்குமாயின், லாபம் ஒருவருக்கும் நஷ்டம் அனைவருக்குமாக முடிகின்றது.

இப்பொழுது மறைப்பிற்கென்று கோனோகார்பஸ் என்னும் அயல்நாட்டுச் செடி தோட்டங்களிலும் சாலையோரங்களிலும் புகுந்துள்ளது. இதன் வேர்கள் குழாய்களையும் கால்வாய்களையும் கெடுக்கின்றன என்று கருதி, குஜராத் அரசு 2023ஆம் வருஷத்தில் இதை நடுவதைத் தடுத்தது. விரைவு ஒன்றையே நோக்கும் பழைய பிழை மூன்றாம் முறையும் நேரலாகாது.

ஆகவே, செடி வாங்குமுன் கேட்கத்தக்க கேள்விகள் மூன்று. வெட்டினால் அடங்கி நிற்குமா? விதையாலும் வேராலும் அண்டை நிலத்திற்குப் பரவுமா? தழை, தீவனம், காய், மரம் ஆகிய ஏதேனும் பயன் தருமா? இவற்றிற்குப் பின்னரே, எவ்வளவு விரைவில் வளரும் என்பது கேட்கத்தக்கது.

உயிர்வேலிக்கு முள்கிளுவை மிகத் தகுந்தது. ஏறக்குறைய ஐந்தடி நீளமுள்ள முற்றிய போத்துகளைக் கோடையில் வெட்டி, ஓரடி ஆழத்தில் நெருக்கமாக ஊன்றினால், வறட்சியைத் தாங்கி வேர்பிடிக்கும். அது கெட்டிப்படும் வரையில் வெளிப்புறத்தில் முள் அடைத்தல் அவசியம். அதற்குச் சீமைக் கருவேல முள்ளையே வெட்டிப் பயன்படுத்தலாம். காய் உள்ள கிளைகளை மட்டும் விலக்கிவிட வேண்டும். இவ்வாறு செய்தால் களையெடுப்பும் வேலியடைப்பும் ஒரே வேலையாகும். கொல்லைப்புற மறைப்பிற்கு நொச்சியும் ஆடாதோடையும் நல்லவை. இரண்டும் போத்திலிருந்து வளரும், ஆடுகளும் பெரும்பாலும் தீண்டா. மருதாணியை வருஷந்தோறும் கத்தரித்தால் அடர்ந்த சுவர்போல் நிற்கும்.

உடனே நிழல் வேண்டுவோர் அகத்தியை இடைக்கால மரமாகக் கொள்ளலாம். வெற்றிலைக் கொடிக்கால்களில் நிழலுக்கும் கொடி படரவும் இதனை வளர்ப்பது தொன்றுதொட்ட வழக்கம். ஒரே வருஷத்தில் ஆளுயரத்தைக் கடந்துவிடும், தழை தீவனமாகும். ஆனால் இதன் மரம் மென்மையானது, ஆயுளும் குறுகியது, பெருங்காற்றில் ஒடியும். ஆகையால் அகத்தியை நடும் நாளிலேயே அதன் நடுவே புங்கம், வேம்பு, பூவரசு ஆகியவற்றையும் நட வேண்டும். அகத்தி ஓயும்போது இவை நிழல் தரத் தொடங்கியிருக்கும். வேப்பம் விதையின் முளைப்புத் திறன் சில வாரங்களில் குன்றுமாதலால், பழம் உதிர்ந்தவுடன் விதைத்தல் நன்று.

இடமும் கவனிக்கத்தக்கது. வீட்டிற்கும் தொழுவத்திற்கும் மேற்கே மரம் நின்றால் பிற்பகல் வெயிலையும் மேல்காற்றையும் ஒருங்கே தடுக்கும். பயிருக்கு அருகில் பெருமரம் நின்றால் நிழலும் வேரும் விளைவைக் குறைக்கும். அங்கே தாழ்ந்த வேலியே போதும். காற்றுத்தடை சுவர்போல் முற்றும் அடைபடாமல், காற்றைச் சிறிதளவு ஊடுருவவிட்டுத் தணிப்பதாக இருத்தல் நலம். முற்றும் அடைபட்டால், தடையைத் தாண்டிய காற்று அப்பாலுள்ள பயிரின்மேல் சுழன்று விழும்.

கிராம அதிகாரிகளுக்கும் இதில் பொறுப்புண்டு. பள்ளிக்கூடம், சாவடி, ஊருணிக்கரை ஆகிய பொது இடங்களில் நடப்படுவதைப் பார்த்தே ஊரார் தம் நிலத்திலும் நடுகின்றனர். சங்கரநாராயணர் கோயிலின் தலவிருட்சம் புன்னை. மெதுவாக வளர்ந்தாலும் அடர்ந்த நிழல் தரும் இம்மரத்தைத் தண்ணீர் வசதியுள்ள பொது இடங்களில் வளர்த்தல் இவ்வூருக்குப் பொருத்தமாகும்.

வரும் ஐப்பசி மழைக்கு முன்பே குழிகளை எடுத்து, எருவிட்டு ஆறவைத்து, நாற்றுகளைச் சேகரித்துக்கொள்ளுதல் வேண்டும். கிளுவை வேலி கட்டுக்கு வர இரண்டு மூன்று வருஷங்கள் ஆகலாம். வேலிகாத்தானை வேரோடு பறிக்க இன்று ஆகும் கூலியை அறிந்தவர் அத்தாமதத்தைப் பெரிதென்று கருதார்.