பண்டகசாலையும் பேரேடும்

லினக்சு முறைமையில் நிறுவப்பட்ட மென்பொருட் பொதிகளின் பதிவேடு எங்கு இருத்தல் வேண்டும் என்னும் வினா அற்பமானதன்று. மாறுந் தரவுக்குரியது 'வார்' அடைவு. ஆகவே பதிவேடும் ஆங்கேயே உறைதல் வேண்டும் என்பர் மரபுவாதிகள். நிரல்கள் உறையும் 'யூஎஸ்ஆர்' அடைவு வாசிப்புக்கு மட்டுமே உரியதெனக் கோப்புமுறைப் படிநிலைத் தரம் வகுத்திருப்பது மெய்யே. ஆயின், அப்பதிவேடு எப்பொழுது மாறுகின்றது? பொதியொன்று நிறுவப்படுகையில், அல்லது நீக்கப்படுகையில். அதாவது 'யூஎஸ்ஆர்' தானே எழுதப்படும் வேளையிலன்றோ!

புதுப்பித்தல் பழுதாகிவிட, 'யூஎஸ்ஆர்' அடைவை முன்னர் எடுத்துவைத்த நிலைப்பிரதிக்கு மீட்கின்றார் நிருவாகி. அஞ்சலும் பயனர் தரவும் அழியுமாதலின் 'வார்' அடைவை அவ்வாறு மீட்டல் ஆகாது. இப்போது கோப்புகளோ பழையன, பதிவேடோ புதியது. மறைந்துபோன பாதுகாப்புத் திருத்தம் நிறுவப்பட்டே உள்ளதென அது பொய்யுரைக்கும். அடுத்த புதுப்பித்தலும் அதனை நம்பி வாளாவிருக்கும். பண்டகசாலை ஓரூரிலும் பேரேடு வேற்றூரிலும் இருப்பின் கணக்கு எங்ஙனம் ஒக்கும்?

ஓப்பன்சூசே இதனை முன்னரே உணர்ந்தது. பெடோராவும் 2022இல் வெளியிட்ட 36ஆம் பதிப்பில் தன் ஆர்பிஎம் தரவுத்தளத்தை 'யூஎஸ்ஆர்' அடைவினுள் மாற்றி, பழைய இடத்திலே தொடுப்பொன்றை மாத்திரம் விட்டது. டெபியனோ இன்றும் 'வார்' அடைவிலேயே பதிவேட்டை வைத்திருக்கின்றது. அவ்வடைவை வேறாகப் பிரித்து நிலைப்பிரதி எடுப்போர் கணக்கின் பொருத்தத்தைத் தாமே காத்துக்கொள்ள வேண்டியுள்ளது.